மாத்திரைக்கு ஆகாதவர்

காப்பி ஃபில்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், தர்மராஜன் அதைக் கையில் பிடித்தபடி காலை ஆறரை மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் வைக்கக் கூடாது. கூடத்தில் வைக்கக் கூடாது. பம்பாய் மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் அவருக்கு இருந்த வீடே அந்த இரண்டும்தான். பால்கனி என்று ஒன்று உண்டு. அதில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம். ஆனால் வீட்டுக்குள் காற்று வருவதே அந்த வழியாகத்தான்.

"டிகாக்ஷன் இறக்கியாச்சா?" என்று கட்டிலில் இருந்து கேட்டாள் ராஜலக்ஷ்மி.

"இறக்கலை. இறக்கினா வாசனை வரும். வாசனை வந்தா மாத்திரை செத்துப்போயிடும்."

"அப்போ வெறும் ஃபில்டரை எதுக்குக் கையில வெச்சுண்டு நிக்கறேள்?"

"இதுல பழைய வாசனை இருக்காம். நாணு மாமா சொல்லிட்டார்."

ராஜலக்ஷ்மி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பினால் என்ன அர்த்தம் என்று தர்மராஜனுக்குத் தெரியும்.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஷ்யாமளா, தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "கீழே கச்ரா டப்பால போட்டுடுங்கோப்பா. கிஸ்ஸா கதம், விஷயம் தீர்ந்தது."

"கல்யாணத்துக்கு வந்த ஃபில்டர்டி இது."

"அப்போ ஆபீசுக்கு எடுத்துண்டு போங்கோ."

விளையாட்டாகச் சொன்னாள். அவர் நிஜமாகவே அதை மூன்று நியூஸ்பேப்பரில் சுற்றி, பைக்குள் வைத்து, எட்டு இருபத்திரண்டு லோக்கலில் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் காப்பி எங்கிருந்து மணக்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்கள். காப்பி குடிக்காத தலைவலியோடு அதே வாசனையை முகர்ந்துகொண்டு ஆபீஸ் இருக்கும் கோட்டைப் பகுதி வரை போவது எப்படிப்பட்ட வேதனை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் மூன்று கற்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ராஜலக்ஷ்மிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. முதல் தடவை உருளைக்கிழங்கு போண்டாவின்மேல் பழியைப் போட்டார்கள். இரண்டாவது தடவை வாயு என்றார்கள். மூன்றாவது தடவை அவள் தரையில் உருண்டபோது, டாக்ஸி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பித்தப்பையில் மூன்று கல் இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டி, இங்கே புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

தர்மராஜன் ஒரு பஞ்சு கம்பெனியில் ஸ்டாக் செக்ஷனில் இருந்தார். ஒரு நாளைக்கு நூறு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர். இந்த ஒரு காகிதத்தைக் கண்டதும் பேனாவைத் திருப்பிச் சட்டையில் செருகினார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வெட்டறது ஒரு வைத்தியமா? வெட்டறதுன்னா தையக்காரன்கூடத்தான் வெட்டறான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் நாணு மாமா வந்தார்.

நாணு மாமா டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ரயில்வேயில் காணாமல் போன சாமான்களைத் தேடித் தருகிற செக்ஷனில் முப்பது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். பெட்டி என்ன நிறம், பூட்டு எந்தப் பக்கம், கடைசியாக எந்த ஸ்டேஷனில் பார்த்தீர்கள் என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய். அது ஹோமியோபதிக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஒரு மரப்பெட்டி, அதற்குள் நூறு சின்னப் புட்டிகள், தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம், இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்.

அவருக்கு மாட்டுங்காவில் பெரிய பேர் இருந்தது. அப்பென்டிசைட்டிஸையே மாத்திரையில் கரைத்தவர் என்றார்கள். ஒருத்தருக்கு ஹெர்னியா பத்தே நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டதாம். கத்தி படாமல் பிழைத்தவர்கள் என்று கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி ஒரு டஜன் பேராவது தேறுவார்கள். அவர்கள் வீட்டு மனிதர்கள் சத்தியம் செய்தே சொன்னார்கள்.

முதல் நாள் அவர் ராஜலக்ஷ்மியை எதிரே உட்கார வைத்து, ஒரு நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

"வலி எப்படி இருக்கும்? குத்தறதா, பிடுங்கறதா, முறுக்கறதா?"

"அம்மிக் குழவி ஏறி உக்காந்துண்டு எழுந்திருக்க மாட்டேங்கறாப்பல இருக்கும்."

நாணு மாமா புத்தகத்தைப் புரட்டினார். குழவி இல்லை. முறுக்கல் என்று எழுதிக்கொண்டார்.

"இடி இடிச்சாப் பயமா?"

"இல்லை மாமா."

"கனவுல பாம்பு வருமோ?"

"பாம்பு வராது. இவர் வருவார்."

"வந்து?"

"கைக்குட்டை எங்கேன்னு கேப்பார்."

தர்மராஜன் தொண்டையைச் செருமினார். நாணு மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

"சரி. அழுகை வரச்சே யாராவது சமாதானம் சொன்னாப் பிடிக்குமா, பிடிக்காதா?"

"யாராவது சொல்லிப் பார்த்தாத்தானே மாமா தெரியும்."

நாணு மாமா இந்தப் பதிலின் அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான வெள்ளை உருண்டைகளை ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்தார். கையால் தொடக் கூடாது. மூடியில் கொட்டி அப்படியே நாக்கின் அடியில் போட்டுக்கொள்ள வேண்டும். காப்பி கூடாது. பெருங்காயம் கூடாது. வெங்காயம், பூண்டு, கற்பூரம், சென்ட், பூச்சி உருண்டை எதுவும் கூடாது. சாப்பிடவும் கூடாது, முகரவும் கூடாது.

"பெருங்காயம் இல்லாம ரசமா?" என்று தர்மராஜன் கேட்டார். உலகம் அழியப்போகிறது என்றாலும் இவ்வளவு சின்னக் குரலில் அவர் கேட்டிருக்க மாட்டார்.

"கல் வேணுமா, ரசம் வேணுமா?"

"கல் போகணும்."

"அப்போ ரசமும் போகட்டும். நீயும் குடிக்காதே. உன் வாயில வந்தாலும் வாசனை வாசனைதான்."

இப்படியாகத்தான் காப்பி ஃபில்டர் ரயில் ஏறியது.

ஃபில்டர் போன பிறகும் வீட்டில் காப்பி மணத்தது. தர்மராஜன் பால்கனியில் ஒருக்களித்து நின்று எட்டிப் பார்த்தார். நேர் கீழே பிரம்மநாயகம் பிள்ளையின் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை. பதினோரு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் அது அவர் குடும்பத்துக்கு எதிராக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"பிள்ளைவாள், காலம்பர எட்டு மணிக்கு மட்டும் வறுக்காம இருக்க முடியுமோ? எங்காத்துல மருந்து சாப்பிடற நேரம். காப்பி வாசனை ஆகாது."

பிள்ளை வறுவல் சட்டியைச் சுற்றுவதை நிறுத்தினார். "சாமி, காப்பிக் கடையில காப்பி வாசம் வராம வேற என்ன வாசம் வரணுங்கிய?"

"ஒரு மாசம்தான். ராஜத்துக்கு உடம்பு சரியில்லை."

பிள்ளை நல்ல மனுஷன். ராஜலக்ஷ்மி பேரைச் சொன்னதும் இளகிவிட்டார். "அம்மாவுக்குன்னா சரி. நாளையிலேருந்து மத்தியானம் ஒரு மணிக்கு வறுக்கேன்."

தர்மராஜன் வெற்றியோடு மாடியேறி வந்தார். அன்று சாயங்காலம் நாணு மாமா வந்து, காலை வேளை மருந்து சரியாகப் பிடிக்கவில்லை, இனிமேல் மத்தியானம் ஒரு மணிக்குக் கொடு என்றார்.

மறுபடியும் பிள்ளையிடம் போக அவருக்கு முகம் இல்லை. ஷ்யாமளாவை அனுப்பினார். பிள்ளை மறுபடியும் நேரத்தை மாற்றினார். இந்த முறை எப்போது வறுப்பார் என்று வாடிக்கைக்காரர்களுக்கும் தெரியவில்லை. காலையில் வந்தவர்கள் பொடி கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். மாடிப்படியில் தர்மராஜனைப் பார்த்தால் கட்டிடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. மூன்றாவது மாடிக்காரர் மட்டும், "உங்க சம்சாரத்துக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டார். எப்போது பொடி கிடைக்கும் என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம்.

அடுத்தது பூச்சி உருண்டை. டிரங்குப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே எறிந்தார். மூன்றே வாரத்தில் அவருடைய ஒரே கம்பளிக் கோட்டின் முதுகில் பூச்சி புகுந்து ஜன்னல் வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ராஜலக்ஷ்மி கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். கற்பூரம் ஏற்றுவார்களே என்று தர்மராஜன் அவளைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவைத்தார். அங்கிருந்தே கும்பிட்டுக்கொள் என்றார்.

"அங்கேயிருந்து அம்பாள் தெரியலை. பஸ்தான் தெரியறது."

"மனசுல இருந்தாப் போறும்."

"மனசுலயும் பஸ்தான் வந்துண்டு போயிண்டிருக்கு" என்றாள் ராஜலக்ஷ்மி.

இவ்வளவு செய்தும் வலி குறையவில்லை. அதிகமாயிற்று. வாரம் ஒரு முறை வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் வர ஆரம்பித்தது. தர்மராஜன் ஓடிப்போய்ச் சொன்னபோது நாணு மாமாவின் முகம் மலர்ந்தது.

"பேஷ். மருந்து பிடிச்சுடுத்து. முதல்ல ஏத்திவிட்டுத்தான் அப்புறம் இறக்கும்."

"எவ்வளவு ஏத்தும் மாமா?"

"அது மருந்தோட இஷ்டம்."

மருந்துக்கு இஷ்டம் நிறைய இருந்தது. ராஜலக்ஷ்மி இரண்டு பிடி சாதத்துக்குமேல் சாப்பிட முடியாமல் போனாள். ஆபீசில் தர்மராஜன் பஞ்சு மூட்டை கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டார். வீட்டுக்கு வந்தால் அடுப்பங்கரையில் பெருங்காயம் இல்லாத ரசத்தைத் தானே வைத்து, தானே முகம் சுளித்து, தானே குடித்தார். ஒருநாள் ஷ்யாமளா அதை வாயில் வைத்துவிட்டு, "அப்பா, இதுக்கு அம்மாவோட மாத்திரையே ருசியா இருக்கு" என்றாள். அவர் டம்ளரை ஓங்கித் தரையில் வைத்தார். உடனே தன் கோபத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து ராஜலக்ஷ்மியின் கண் மஞ்சளாகத் தெரிந்தது.

நாணு மாமா வந்து கண் இமையை இழுத்துப் பார்த்தார். இந்த முறை பேஷ் என்று சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். ராஜலக்ஷ்மியைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தர்மராஜனைப் பால்கனிக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"இனிமே உன் கேஸை எடுத்துக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"பொண்டாட்டிக்கு நோவுன்னா ஆம்படையானோட குணத்தையும் எழுதிக்கணும். கோபம் உண்டோ?"

"இப்போ உண்டு."

"பயம்? இருட்டு, உயரம், ஜலம்?"

"கிடையாது."

"கத்தி?"

தர்மராஜன் தெருவைப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு நான்தான் மாமா கையெழுத்துப் போட்டேன்" என்றார். "பாலக்காட்டுல. எனக்கு அப்போ இருபத்திரண்டு. சின்ன ஆபரேஷன்தான்னா. உள்ளே தள்ளிண்டு போகச்சே அப்பா கையை ஆட்டிண்டே போனார். திரும்பி வரலை. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. ராஜத்துக்குன்னு அந்தப் பேப்பரை நீட்டினப்போ எனக்குப் பேனா மூடியே திறக்க வரலை. அவ இல்லாம நான் என்ன மாமா பண்ணுவேன்?"

இருபது வருஷத்தில் ராஜலக்ஷ்மியிடம் அவர் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் சுவர்ப் பக்கம் அவ்வளவு தடவை திரும்பியிருக்க மாட்டாள்.

நாணு மாமா நோட்டில் எழுதினார். "எந்தக் கையால போட்டே?"

"வலது கை."

அதையும் எழுதிக்கொண்டார். "அந்த ஆஸ்பத்திரிப் பேப்பர் எங்கே?"

தர்மராஜன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

"இப்படிக் குடு. இதுல ஆஸ்பத்திரி வாசனை இருக்கு. மாத்திரைக்கு ஆகாது." நாணு மாமா அதை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இத்தனை நாளும் மருந்துக்கு எதிரி காப்பி, பெருங்காயம்னு நினைச்சிண்டிருந்தேன். இப்போன்னா புரியறது. நீதான்டா எதிரி. உன் பயம் வீடு பூரா அடிக்கறது. நீ இங்கே இருக்கற வரைக்கும் ஒரு மருந்தும் வேலை செய்யாது."

"நான் எங்கே போறது?"

"ஆபீஸ்ல வெளியூர் ஒண்ணும் இல்லையோ?"

இருந்தது. நாக்பூர் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்க்க ஐந்து வாரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேலதிகாரி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தர்மராஜன் இரண்டு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே போய்க் கேட்டதும் மேலதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார்.

கிளம்பும்போது ராஜலக்ஷ்மி புன்னகை செய்தாள். ஒரு மாதத்துக்கு மேல் சிரிக்காதவள், அவர் ஊருக்குப் போகிறார் என்றதும் சிரித்தாள். அது அவருக்கு உறுத்தியது. ஆனால் மருந்துக்கு ஆகாதவர் தான்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நாக்பூருக்கு ஷ்யாமளாவின் முதல் கடிதம் பத்தாம் நாள் வந்தது. ஷ்யாமளா படித்ததெல்லாம் கான்வென்டில். அவளுடைய தமிழ் எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழும்.

"அப்பாவுக்கு நமஸ்காரம். அம்மா கறைந்து வருகிராள். நானும் மாமாவும் ரெண்டு நாள் ரொம்ப அழுதோம். இப்போ சிரிக்கிரோம். அம்மா சாதம் சாப்பிட வில்லை. பாட்டில் மட்டும் தான். நீங்கள் வர வேண்டாம்."

தர்மராஜன் அதைப் பதினைந்து தடவை படித்தார். கரைந்து வருவது கல்லா, அம்மாவா? பாட்டில் என்றால் எந்தப் பாட்டில்? புட்டியோடு மாத்திரையைக் கவிழ்த்துக்கொள்கிறாளா? அழுதது எதற்கு? கிடங்கு மானேஜர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் தந்தி ஆபீசுக்கு ஓடி, உடனே கிளம்பி வரட்டுமா என்று தந்தி அடித்தார்.

மறுநாள் பதில் வந்தது. "கல் போயிற்று. ராஜம் க்ஷேமம். நீ வந்தால் திரும்பி வரும். நாணு."

தர்மராஜன் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான். மூட்டை எண்ணுகிற ஆட்கள், பம்பாயில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஐந்து வாரம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்தவள் ராஜலக்ஷ்மி. இளைத்திருந்தாள். ஆனால் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. முகத்தில் களை இருந்தது. ஒன்பது கஜப் புடவையை மடிசாராகச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"என்ன இது, நாளும் கிழமையுமா? மடிசார் கட்டிண்டிருக்கே?"

"நாணு மாமா சொல்லியிருக்கார். மூணு மாசத்துக்கு வயித்துல காத்துப் படப்படாதாம். ஆறு கஜம் கட்டினா இடுப்புத் தெரியறதோல்லியோ."

"பேஷ். வேற என்ன சொன்னார்?"

"பக்கெட்டு தூக்கப்படாது. அரைக்கப்படாது. குனியப்படாது. கல் கரைஞ்ச இடம் பச்சையா இருக்குமாம்."

"காப்பி?"

"குடிக்கலாமாம்."

தர்மராஜன் ஆபீசிலிருந்து ஃபில்டரை அன்றே மீட்டுக்கொண்டு வந்தார். கீழே போய்ப் பொடி வாங்கினார். "அப்ப இனிமே நம்ம கடையை நம்ம இஷ்டத்துக்குத் தொறக்கலாமா சாமி?" என்று பிள்ளை கேட்டார். தர்மராஜன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தானே டிகாக்ஷன் போட்டு, தானே பாலைக் காய்ச்சி, ராஜலக்ஷ்மிக்கு ஆற்றிக் கொடுத்தார். காலையில் குழாயடிக்குப் போய் ஜலம் பிடித்தார். மாவு அரைத்தார். கை வலித்தது. முதுகு வலித்தது. அந்த வலியெல்லாம் தேன் மாதிரி இருந்தது.

ஊரெல்லாம் சொன்னார். லோக்கலில் ஏறினால் தாதர் வருவதற்குள் மூன்று கல்லும் கரைந்திருக்கும். ஒரு சால்வையும் ஒரு தட்டுப் பழமும் வாங்கிக்கொண்டு நாணு மாமா வீட்டுக்குப் போனார். நாணு மாமா பழத்தை எடுத்துக்கொண்டார். சால்வையைத் தொடவில்லை.

"இது எனக்கு வேண்டாம்டா தர்மா. மருந்து நான் குடுத்தேன், வாஸ்தவம். ஆனா எடுத்த கை வேற."

"பகவானோட கையைச் சொல்றேளா மாமா?"

"அப்படியே வெச்சுக்கோ."

என்ன அடக்கம் என்று தர்மராஜன் உருகிப்போனார். அந்த உருக்கத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தன் மூக்குக்கு நேரே காகிதத்தை நீட்டிய அந்த சர்ஜன். இதைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொன்ன அந்த மனுஷன். அவரிடம் நாணு மாமாவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவர்தான் கரைத்தார் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னபோது ராஜலக்ஷ்மி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு? கல் போச்சோல்லியோ. சும்மா இருங்கோ."

"சும்மா இருக்கறதா? இன்னொருத்தன் பொண்டாட்டியைப் போட்டு வெட்டுவானே, அவாளுக்காகவாவது சொல்ல வேண்டாமா?"

"இப்போ போனா அவர் பார்க்க மாட்டார்ப்பா" என்றாள் ஷ்யாமளா. "பத்து மணிக்கு மேல வார்டுல ரவுண்ட்ஸ் போவார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

ஷ்யாமளா அம்மாவைப் பார்த்தாள். "சும்மா, அந்தாஸா, ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்."

நாணு மாமா அதற்குமேல் முரண்டு பிடித்தார். முழங்கால் வலி என்றார். தர்மராஜன் டாக்ஸியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். மாமா இன்றைக்கு அஷ்டமி என்றார். கல்லைக் கரைத்தவருக்கு அஷ்டமி என்ன செய்யும் என்றார் தர்மராஜன். மாமா சட்டை அழுக்கு என்றார். தர்மராஜன் அந்தச் சால்வையைப் போர்த்தி மூடினார். டாக்ஸியில் நாணு மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் தர்மராஜன். "எனக்கு ராஜத்தைத் திருப்பிக் குடுத்தது நீங்கதான். அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தேன்னா, அவ சாகறாளோ பிழைக்கறாளோ, நான் அங்கேயே செத்திருப்பேன்."

"தெரியும்டா" என்றார் நாணு மாமா. "தெரிஞ்சுதானே..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, டிரைவரிடம் வண்டியைத் திருப்ப முடியுமா என்று இந்தியில் கேட்டார். டிரைவர் முடியாது என்றான்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். நாணு மாமா சால்வையைத் தலைமேல் இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். தர்மராஜன் எக்ஸ்ரே உறையைக் கையில் உயரப் பிடித்துக்கொண்டு, சர்ஜனிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி படியேறினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இந்த வாசலுக்குள் அவர் பயப்படாமல் நுழைவது இதுதான் முதல் தடவை.

சர்ஜிகல் வார்டு வாசலில், காக்கிச் சட்டை போட்ட ஒரு வார்டு சிப்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஷேக் பரீத் என்று நெஞ்சில் பித்தளை வில்லை இருந்தது. தாராவியில் குடியிருக்கிற திருநெல்வேலிக்காரர். முக்காட்டுக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்ததும் சட்டென்று எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டாக்டரய்யா, ஒக்காருங்க. போன மாசம் பித்தக்கல்லு ஆப்ரேசன் முடிஞ்சு போனாவள்லா, மாட்டுங்கா ராஜலெச்சுமியம்மா, அவிய சொகமா இருக்காவளா? அவியளுக்கு அப்பான்னு கையெளுத்துப் போட்டிய, அதுக்கு முந்தி அந்த எரணியாக்காரருக்குச் சித்தப்பான்னு போட்டிய. இன்னைக்குக் கூட்டியாந்திருக்க இவியளுக்கு என்ன மொறைன்னு எளுதணும்?"